புதன்கிழமை மாணவி

பிளாக்டவுனில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில், ஆய்வுகூட உதவியாளருக்கான டிப்ளோமா வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். எல்லோரும் வேலைக்கோ பிள்ளைக்கோ ஓடுகிறவர்கள். பக்கத்தில் இருந்த வியட்நாம்காரி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பாதி எனக்கு. யாராவது வராவிட்டால் போன் பண்ணித் தேடுவோம்.

டிப்ளோமா முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். முதல் வருடத்தைக் கழித்துவிட்டு, நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கடிதத்தைக் கணவர் இரண்டு தரம் வாசித்தார்.

“வேலையை விட்டிட்டு முழுநேரமாப் படியும். நான் சமாளிக்கிறன்.”

“வேண்டாம். பிள்ளைக்கு இப்பதான் நாலு வயசு. ஆறுதலாப் படிக்கிறன்.”

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்குப் புதன்கிழமை காலை மட்டும் விடுப்புத் தந்தார்கள். தவணைக்கு ஒரு பாடம், சிலவேளை இரண்டு. வகுப்பு முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் நூலகத்துக்கு முன்னால் புல்வெளியில் போய்ச் சரிவார்கள். நான் அதன் ஓரத்தால் ரயிலுக்கு ஓடுவேன். அப்படி என்னதான் கதைக்கிறார்கள் என்று அறிய ஆசையாக இருக்கும்.

ஒருநாள், என்னோடு பரிசோதனை செய்த பெண் என்னையும் கூப்பிட்டாள். வேலைக்குப் போன் எடுத்து, ரயில் பிந்திவிட்டது என்று பொய் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் இருந்தேன். பெரிய கதை ஒன்றுமில்லை. யாருடையதோ பழைய கார், பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி, சனிக்கிழமை கடற்கரைக்கு யார் யார் போவது. யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த கம்பஸ் இடம் சண்டையில் போய்விட்டது. அது போகாமலிருந்தால் இருபது வயதில் நானும் இப்படித்தான் இருந்திருப்பேன். கண் கலங்கியதை வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த கிழமையும் வருவாய்தானே என்று அவள் கேட்டாள். வருவேன் என்றேன். அடுத்த கிழமை மகளுக்குக் காய்ச்சல். பிறகு பரீட்சை வந்தது. அவர்களுக்கு அது கடைசித் தவணை. நான் திரும்பிப் போனபோது எல்லாம் புது முகங்கள். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். எல்லோரும் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஐந்து வருடம் கழித்துப் பட்டமளிப்பு. மண்டபத்தில் எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. பக்கத்துக் கதிரையில் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார்.

“நீங்க தமிழா?” என்று கேட்டார்.

“ஓம். நீங்கள்?”

“மலேசியா, ஈப்போ. பார்ட் டைம்ல ஏழு வருஷம் இழுத்துட்டேன்.”

“நானும் பார்ட் டைம்தான். உங்களைக் கண்டதே இல்லையே?”

“எனக்கு வியாழக்கிழமை லேப்.”

“எனக்குப் புதன்.”

“எந்த பெஞ்ச்?”

“யன்னலோரம், கடைசி.”

“ஐயோ, அதேதான்! அங்க இருந்த மைக்ராஸ்கோப்ல ஒரு கண்ணு தெரியாதே?”

“ஓம், இடது பக்கம்!”

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். இவ்வளவு காலமும் இவர் ஒரு நாள் தள்ளி அதே இடத்தில் இருந்திருக்கிறார். அதற்குள் எங்கள் வரிசையை மேடைக்கு எழுப்பிவிட்டார்கள். அவருடைய பெயர் கைதட்டலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வெளியே கணவரும் மகளும் பூங்கொத்தோடு நின்றார்கள். படம் எடுத்து முடித்ததும் அந்த ஈப்போப் பெண்ணைத் தேடினேன். எங்கு பார்த்தாலும் கறுப்பு அங்கிகள்.

“ஆரைத் தேடுறீர்?” என்றார் கணவர்.

“என்னோட படிச்ச ஒராள்,” என்றேன்.

மகளுக்குப் பசி வரும்வரை அங்கேயே நின்று பார்த்தோம். அவர் வரவில்லை.