நெமிலிக்காரர் கேட்ட கார்

அந்த ஆட்டத்தில் என்னை ஜெயிக்க எங்கள் வீட்டில் ஆளே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் எப்போதும் கடைசி. கோகோ ஆடப் போனால் யாரும் என்னைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் பலகையை விரித்து உட்கார்ந்துவிட்டால் நான் வேறு ஆள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. புது மாடல்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், ஊர் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் அதை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அத்தை இரண்டு நாள் விதிப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, எனக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள்.

அதில் ஆடுகிற எல்லோருமே வில்லன்கள். கடல் கொள்ளைக்காரன், சூனியக்காரி, வழிப்பறித் திருடன், ராஜாவைக் கவிழ்க்கப் பார்க்கும் மந்திரி என்று நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆசை. யாருடைய ஆசை முதலில் நிறைவேறுகிறதோ அவர்தான் ஜெயித்தவர். நல்லவர்கள் சீட்டுகளில் மட்டும்தான் வருவார்கள். எதிராளி ஜெயிக்கப்போகிற சமயம் பார்த்து அவர்மேல் ஒரு நல்லவனை ஏவிவிட வேண்டும். அவன் போய் எல்லாவற்றையும் கெடுத்துவைப்பான். கருணை காட்டுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. எனக்குக் கருணை என்பது அறவே கிடையாது என்பதை நான் அந்த ஆட்டத்தில்தான் கண்டுபிடித்தேன்.

நான் எப்போதும் கடல் கொள்ளைக்காரன்; மூன்று புதையல்களை எடுத்துவிட்டால் எனக்கு ஜெயம். அத்தை சூனியக்காரி. அம்மா ஒருமுறை மந்திரியாக ஆடினாள். ராஜாவைக் கவிழ்ப்பது பாவம் என்று பாதியில் எழுந்து குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பா பக்கத்திலேயே வரமாட்டார். அவருக்கு அப்போது இருந்த ஒரே கவலை அத்தையின் கல்யாணம்.

அத்தை அதற்குள் மூன்று வரன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மூன்றும் நல்ல இடம் என்பது அப்பாவின் கட்சி. அத்தைக்கு அப்போதுதான் தையல் லைனிலிருந்து சாம்பிள் ரூமுக்கு மாற்றம் கிடைத்திருந்தது. புது ஷூவை முதல் ஜோடியாகச் செய்து பார்க்கிற இடம் அது. அங்கே எடுத்த பெயரை வைத்துத்தான் டிசைன் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்புவார்கள். அத்தை சாப்பிடும்போதும் அதைப் பற்றித்தான் பேசுவாள். நெமிலியிலிருந்து நான்காவது வரன் வருகிறது என்றதும் அப்பா கூடத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இந்த தடவையும் உன் வாயால வேணாம்னு வந்துச்சுன்னா, மறுநாள்லர்ந்து கம்பெனிக்குப் போறத நிறுத்திக்க."

அன்றைக்கு ஆட்டத்தில் நான் அத்தையை மிகச் சுலபமாகத் தோற்கடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, மூன்று பேர்தான். வரும் வழியில் ஆற்காட்டில் நிறுத்தி மக்கன்பேடா இனிப்பு வாங்கிவந்திருந்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை நெமிலியில் உரக்கடை வைத்திருந்தார். நிலமும் இருந்தது. அவருடைய அம்மா அத்தையைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்து, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"எங்களுக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டோம். பொண்ண அனுப்பிச்சா போதும்" என்று அவர் சொன்னபோது அப்பா கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

பையனும் பெண்ணும் ஐந்து நிமிஷம் பேசட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தனியாக விடுவது முறையில்லை என்று அம்மா என்னையும் உள்ளறைக்கு அனுப்பினாள். எனக்கு அது ரொம்ப வசதி. காலையில் அத்தையைப் புடவை கட்ட இழுத்துக்கொண்டு போனதால் எங்கள் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. பலகை பாயில் அப்படியே விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு வழிப்பறித் திருடன் சும்மா படுத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்களும் ஆடுங்க. மொதல்லர்ந்து ஆரம்பிக்கலாம்" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார்ந்தார். புதுப் பேன்ட் முழங்காலில் இறுக்கிப் பிடித்தது. நான் விதிகளைச் சொன்னேன்.

"இதுல நல்லவன் யாரு பாப்பா?"

"நல்லவனா ஆட முடியாது. அவன் சீட்டுலதான் வருவான். வந்து நம்ம வேலையக் கெடுப்பான்."

"எங்க கடைக்கும் அப்படி ஒரு ஆபீசர் வருவாரு" என்றார். அத்தை சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்கு முதல் புதையல் கண்ணில் பட்டுவிட்டது.

இரண்டு சுற்று ஆடியிருப்போம். அத்தை கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காதீங்க. என்னைப் புடிக்கலன்னு நீங்க சொல்லிடறீங்களா?"

அவர் கையில் திருடன் அந்தரத்தில் நின்றான்.

"உங்க ஆட்டம் மாமா" என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

அவர் திருடனை ஏதோ ஒரு கட்டத்தில் வைத்தார். சுத்த மோசமான கட்டம். "வேற யாராவது இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் இல்ல. வேல இருக்குது." அத்தை சாம்பிள் ரூமைப் பற்றிச் சொன்னாள். சென்னைப் பயிற்சியைப் பற்றிச் சொன்னாள். "நெமிலிலர்ந்து நான் தெனம் ஆம்பூர் வர முடியாது. நான் வேணாம்னு சொன்னா அண்ணன் நாளைக்கே வேலைய நிறுத்திடுவாரு. நீங்க சொன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப யோசிக்கிறாரே, ஏதோ பெரிய திட்டம் போடுகிறார் என்று பயந்து, கையிலிருந்த ஒரு நல்லவனை அவர்மேல் ஏவிவிட்டேன். அவர் சேர்த்துவைத்திருந்த தங்கமெல்லாம் போயிற்று. அவர் கவனிக்கவே இல்லை. எதிராளி வருத்தப்படாவிட்டால் ஜெயிப்பதில் என்ன ருசி இருக்கிறது? எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் வந்தது.

"நான் புடிக்கலன்னு சொன்னா, பொண்ணுகிட்ட இன்னா கொறன்னு கேப்பாங்க" என்றார் அவர். "அடுத்து வர்றவனும் அதயே கேப்பான். பேஜார் உங்களுக்குத்தான் ஜாஸ்தி."

அத்தை கையிலிருந்த சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினாள்.

"அதுவும் இல்லாம, உங்கள புடிக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்றார். அதற்குப் பிறகுதான் அத்தை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரும்பவும் பலகையைப் பார்த்துக்கொண்டார். "நான் கார் கேக்கறேன். கல்யாணத்துக்குக் கார் வேணும்னு அடம் புடிக்கறேன். உங்க அண்ணனே எங்கள வெளிய அனுப்பிடுவாரு."

"இதுல கார் கெடையாது மாமா" என்றேன். "குதிரதான் இருக்குது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கூடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். வெளியே அம்மா, "இன்னும் கொஞ்சம் கேசரி வச்சுக்கோங்க சம்மந்தி" என்று சொல்வது கேட்டது. சம்மந்தி என்று அவள் அதுவரை சொல்லவில்லை.

அத்தைதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "உங்க அம்மா இன்னா நெனைப்பாங்க?"

"கொஞ்ச நாளைக்குப் பேச மாட்டாங்க. அப்புறம் பேசுவாங்க."

அடுத்த சுற்றில் நான் மூன்றாவது புதையலையும் எடுத்து ஜெயித்துவிட்டேன். இரண்டு பெரியவர்களை ஒரே ஆட்டத்தில் வீழ்த்துவது சாதாரண விஷயம் இல்லை. நான் கையைத் தூக்கி அறிவித்தேன். அவர், "சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். யார் ஜெயித்தது என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். அவருடைய அம்மா அத்தை தலையில் வைக்கக் கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணத்துக்கு ஒரு கார் எடுத்துக் கொடுத்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார். கடைக்குப் போய்வரத் தோதாக இருக்குமாம். கலர்கூட வெள்ளைதான் வேண்டுமாம்.

அவருடைய அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய அம்மா கையில் பூவோடு எழுந்து நின்றார்.

"இன்னாடா பேசற நீ? யாருடா உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"நீ சும்மா இரும்மா. கார் இல்லன்னா வேற எடம் பாத்துக்கலாம்."

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "தம்பி, எங்க வூட்ல பொண்ணுதான் இருக்குது. காரு வேணும்னா வேலூர்ல ஷோரூம் இருக்குது, அங்க போங்க" என்றார். பிறகு கதவைக் காட்டினார். வாசலில் பக்கத்து வீட்டு பாய் குடும்பமே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள இப்படி இல்லம்மா, எம்புள்ள இப்படி இல்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா கையை உருவிக்கொண்டாள். எனக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் வாங்கிவந்த இனிப்பைத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் ஆசையாக எதையாவது கேட்டால், "இன்னா, நெமிலிக்காரன் மாதிரி கேக்கற" என்பது வழக்கமாகிவிட்டது. நானும் எத்தனையோ முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். நல்ல ருசியான வசவு அது. ராணிப்பேட்டைப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் கை கழுவமாட்டார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டி, அதை நாலு பேரிடம் சொன்னார்கள். அந்த மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க வெகுகாலம் யாரும் முன்வரவில்லை என்று பிற்பாடு யாரோ சொன்னபோது, "பின்ன, சும்மாவா போவும்" என்று அப்பா சந்தோஷப்பட்டார். அத்தை அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். அப்புறம் சென்னைக்கும் போனாள். அவளை அவமானப்படுத்திவிட்டார்கள் என்ற குற்ற உணர்ச்சியில் அப்பா ரொம்ப காலத்துக்குக் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

உள்ளறையில் அவர்கள் இருவரும் பேசிய ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பவில்லை. எல்லாமே என் காதில்தான் விழுந்தது. எனக்குத்தான் மூன்றாவது புதையல் முக்கியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு அடங்கியபிறகு நான் உள்ளறையில் காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதுவரை ஒருவரும் என் வெற்றியைப் பற்றி விசாரிக்கவில்லை. அத்தை வந்து பாயில் உட்கார்ந்தாள். புடவையை இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"யாருடி ஜெயிச்சது?" என்றாள்.

"நான்தான் அத்த. நீ ரெண்டாவது."

"அவரு?"

"அவரு சுத்தமாத் தோத்துட்டாரு. ஒரு தங்கம்கூட இல்ல அவர்கிட்ட. அவருக்கு ஆடவே தெரியல."

அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து, அவ்வளவு ரகளையிலும் அழாதவள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தோற்றது அவர், இவள் இரண்டாவதாக வந்தவள். இருந்தாலும் அத்தை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், பெரிய மனசு பண்ணி அவள் தோளைத் தொட்டு, "அழாத அத்த, அடுத்த தடவ வந்தாருன்னா அவர ஜெயிக்க விட்டுடறேன்" என்றேன்.

அத்தை இன்னும் அதிகமாக அழுதாள்.