வாசல்வரை வந்தவள்

எங்கள் சபை வாலிபர் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டை ஒன்பது ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர்களின் பெயரை ஜெபக் குறிப்பில் சேர்ப்பேன். "பின்வாங்கிப்போன இந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவாரும்" என்று பெயர் சொல்லி எல்லோரும் ஜெபிப்போம். அதை அக்கறை என்றே நம்பியிருந்தேன்.

பதினோராம் வகுப்பு படிக்கும் பெனிட்டாவின் பெயரும் அதில் இரண்டு மாதம் இருந்தது. அவள் வீடு சபையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

ஒருநாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன்.

"ஏம்மா பெனிட்டா, சர்ச்சு பக்கமே ஆளக் காணோம்?"

"வந்தேன் ஆன்ட்டி. அம்மா மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போயிட்டாங்க. தம்பியப் பாத்துக்கினு வூட்லயே இருந்தேன். அவங்க திரும்பினதும், குருத்தோலை ஞாயிறன்னிக்கு ஓடியாந்தேன். வாசல்ல செருப்பக் கழட்டுறேன், உள்ள நீங்க என் பேரச் சொல்லி அழுது ஜெபிச்சிக்கினு இருக்கீங்க. எல்லாரும் ஆமென்னு வேற சொல்றாங்க. அப்பறம் எப்பிடிங்க உள்ள வர்றது?"

அவள் சிரித்தாள்.

"இப்ப வந்தாலும், ஜெபம் கேக்கப்பட்டுச்சுன்னு மைக்குல சாட்சி சொல்லுவீங்க."

அதன்பின் பெயர்களை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வராதவர்களின் வீட்டுக்கே போகிறேன். பெனிட்டா வீட்டுக்கும் போனேன். டீ கொடுத்தாள், நன்றாகவே பேசினாள். சபைக்கு மட்டும் வரவில்லை.

பதிவேட்டில் அந்தக் குருத்தோலை ஞாயிற்றுக்கு நேராக நான் எழுதியிருந்த "வரவில்லை" என்பதை அடித்துவிட்டு, "வாசல்வரை வந்தாள்" என்று திருத்தி வைத்திருக்கிறேன்.