மிளகு போடாத கற்பூரம்

திருப்பதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். ஒருநாள், பெருமாள் தீர்த்தத்துக்கு வைத்திருந்த பச்சைக் கற்பூரம் டப்பாவில் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் முனியம்மாவிடம், "நீ எடுத்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "மூடியத் தொறந்து போட்டு, மிளகும் போடாம வெச்சா கற்பூரம் குந்திக்கினு இருக்குமா? ஒரு துண்ட தட்டுல வெச்சிப் பாரு, டீச்சரம்மா!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வைத்தேன். ஐந்தாம் நாள் தட்டில் துண்டும் இல்லை, ஈரம்கூட இல்லை. சில திடப்பொருள்கள் உருகாமலே ஆவியாகும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன்.

அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உள்ள வேணாம், தெருவுல நின்னு சொல்லு" என்றாள். சொன்னேன். ஆனாலும் அவள் வேலைக்குத் திரும்பவில்லை.

வேலைக்காரியிடம் போய்த் தெருவிலா என்று உறவினர்கள் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். ஆமாம், தெருவில்தான். இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.