வலப்பக்கம் திரும்பாத கார்

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் அக்காவை, ராத்தாவைக் கட்டிக்கொண்டு இறக்காமத்திலிருந்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் புடவைக் கடை. அவருடைய ஏச்சு அந்தக் கடையை விடப் பிரபலம். மீன்காரரிலிருந்து கரண்ட் பில் கொண்டு வருகிறவர் வரைக்கும் வாங்கிக் கட்டாதவர் இல்லை. உம்மா, ராத்தா, நான் எல்லோரும் தினமும் வாங்குவோம். மச்சானுக்கு மட்டும் ஒரு சொல் விழாது. புது மாப்பிள்ளையை ஏசினால் ஊர் சிரிக்கும், மாப்பிள்ளையும் தாய் வீட்டுக்குப் பையைத் தூக்கிவிடுவார். அதனால் மச்சான் எதிரில் இருக்கும்போதே வாப்பா உம்மாவிடம், "மகன் தேத்தண்ணி குடிச்சாரா?" என்று கேட்பார். மச்சானும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓம் மாமி, குடிச்சிட்டன்" என்பார். எங்கள் வீட்டு ஃப்ரிஜ்ஜை அவர் தன் கையால் திறந்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர்தான் வாப்பாவின் காரைக் கொண்டுபோய் முட்டினார். அறுவடைக் காலம். இறக்காமத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, மாவடிப்பள்ளியில் பாதி ரோட்டை அடைத்து யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். நம்மூர் ஆட்கள் கொஞ்சம் ஓரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மச்சான் வயல்காரரின் பிள்ளை. ஒரு மணியும் நசுங்கக்கூடாது என்று வலப்பக்கம் ஒதுங்கியவர், அங்கே நின்ற ட்ரக்டர் பெட்டியில் காரின் முகத்தைக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வாப்பா போய்ப் பார்த்தார். நசுங்கிய பொனட்டையும் உடைந்த லைட்டையும் பார்த்துவிட்டு, "உசிருக்கு ஒண்டுமில்லயே, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னதோடு சரி. அந்த வாயை எவ்வளவு பாடுபட்டு மூடினாரோ, அன்று இரண்டு தரம் மீன்காரருக்கு ஏச்சு விழுந்தது.

திருத்துகிற பொறுப்பை மச்சானே எடுத்துக்கொண்டார். தெரிந்த ஒருவரின் கராஜ். கார் பளபளவென்று திரும்பி வந்தது. புதுப் பொனட் மட்டும் மற்றப் பக்கத்தை விட வெள்ளையாக இருந்தது. அது பரவாயில்லை. கையை விட்டால் கார் இடப்பக்கம் ரோட்டோரச் சாக்கடைக் கானை நோக்கி இழுத்தது. ட்ரைவர் பக்கக் கதவை வெளியிலிருந்து பூட்ட முடியாது. லைட்டைப் போட்டால் ரோடு இருட்டாகவும் தென்னை மரத்து ஓலையெல்லாம் வெளிச்சமாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் ஹோர்ன் தானாக அடித்தது.

மச்சான் காதில் விழும்படி வாப்பா உம்மாவிடம், "முன்ன இருந்தத விட இப்ப நல்லா ஓடுது" என்று சொன்னார். மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, "முசீபத்துப் புடிச்ச காரு" என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள, வீட்ட ஒண்டும் கதைக்கப்படா" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் வலப்பக்கம் திரும்புவதை விட்டுவிட்டோம். இடம், இடம், இடம் என்று ஊரைச் சுற்றித்தான் போக்குவரத்து. ஒரு தரம் வலப்பக்கம் திரும்பினால் எட்டிவிடும் பள்ளிக்கூடத்துக்குக் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போய், மணி அடித்த பிறகு இறங்குவேன். இதையெல்லாம் வேறு கராஜில் பழுது பார்க்கக் கொடுக்கலாமே என்று உம்மா கேட்டதற்கு, "மருமகன் மனம் நோகும்" என்று வாப்பா அடக்கிவிட்டார்.

மச்சானுக்குத் தெரியாமல் இருக்குமா? காலையில் காரைக் கழுவும்போது அந்தப் பொனட்டைப் பார்த்தபடியே நிற்பார். சாப்பாடு குறைந்தது. வியாழக்கிழமைகளில் ஒரு கறுப்புப் பையில் உடுப்பை வைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவார். போகப் போக அவர் திரும்பி வருவது பிந்தியது. ஒரு நாள் ராத்தா உம்மாவிடம், "ஒரேயடியாப் போயிடுவாரோ எண்டு பயமாக் கிடக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வாப்பா கடையிலிருந்து வரப் பிந்திவிட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிவாசல். ஜும்ஆத் தொழுகைக்கு முந்திய குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. காலையில்தான் தாய் வீட்டிலிருந்து வந்திருந்த மச்சான், வாப்பாவோடு சேர்ந்து போவதற்காக வெள்ளைச் சாரன் உடுத்துக் கேற்றடியில் காத்து நின்றார். சுற்றி வர நேரமில்லாமல் வாப்பா வலப்பக்கம் ஒடித்து கேற்றுக்குள் விட்டார். ஹோர்ன் அடித்தது. வழக்கமாக நேராக்கினால் நின்றுவிடும், அன்று நிற்கவில்லை.

பள்ளிவாசல் ஜன்னலெல்லாம் தலைகள். குத்பா நேரத்தில் கதைக்கக்கூடாது என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மச்சான் ஓடிவந்து பொனட்டைத் தூக்கி, எதையோ பிடித்து இழுத்தார். ஹோர்ன் நின்றது. இரண்டு குத்பாவுக்கும் நடுவில் கதீப் சற்று அமர்வாரே, அந்த நேரம் பார்த்து நின்றது. அந்த அமைதியில்தான் வாப்பா வெடித்தார்.

"டேய், நெல்லுல ஏத்தினா என்னடா? நெல்லு செத்தா போகும்? வலப்பக்கம் திரும்பேலாம நாய் மாதிரி ஊரச் சுத்துறன். கராஜ்ல எடுக்கக்குள்ள கண்ண எங்கடா வச்சிருந்த? வந்து ஒரு சொல்லுச் சொன்னா, உன்னத் தின்னவா போறன்?"

ஊரே கேட்டது. மச்சான் கையில் அறுந்த வயரோடு குனிந்து நின்றார்.  வாசலில் நின்ற நான் திரும்பிப் பார்த்தால் ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. உம்மாவோ பிள்ளை அழுகிறாளே என்று இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லோர் மீதும் கோபம் வந்தது. வாப்பாவும் மச்சானும் பள்ளிவாசலுக்குள் போனதும் நான் ஓடிப்போய் அந்தக் கறுப்புப் பையை எடுத்து, மச்சானின் வயலிலிருந்து வந்து மூலையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

ஜும்ஆ முடிந்து வந்த மச்சான் பையைத் தேடவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "மாமி, இன்னுங் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க" என்றார். பிறகு எழுந்து போய்த் தானே ஃப்ரிஜ்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தார். பின்னேரம் இரண்டு பேருமாகக் காரை வேறு கராஜுக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுக வாப்பா ஏசிக்கொண்டே போனாராம். நான் வாப்பாவோடு கதைக்காமல் இருந்தேன். மூட்டைகள் ஆலைக்குப் போன பிறகும் பை அந்த மூலையிலேயே கிடந்தது.

இப்போது மச்சானும் ராத்தாவும் பின் வளவில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். வாப்பாவின் ஏச்சு மச்சானைத் தேடி தினமும் மதிலைத் தாண்டிப் போகிறது. இந்த வீட்டுக்கு என் மாப்பிள்ளை வந்து ஒரு வருடமாகப் போகிறது. அவருக்கு இன்னும் ஒரு ஏச்சும் விழவில்லை. போன கிழமை அவர் காரைக் கேற்றில் உரசிவிட்டார். வாப்பா கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மகன், சின்னக் கீறல்தானே" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் அறைக்குள் போய் அழுதேன்.