வேம்பில் கட்டிய ரோப்பு

மேனாம்பேட்டில் எங்கள் கேட்டுக்கு உள்ளே ஒரு வேம்பு நிற்கிறது. கார் நிறுத்தும் தரையை அதன் வேர் தூக்கிவிட்டதென்று எனக்கு ஓயாத எரிச்சல். "வேர்ல மட்டும் கை வைக்காதே" என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் வேலை விஷயமாக ஒரு வாரம் கோவைக்குப் போனபோது மேஸ்திரியைக் கூப்பிட்டு, வீட்டுப் பக்கம் ஓடிய நான்கு பெரிய வேர்களையும் வெட்டச் சொன்னேன். மேலே சிமெண்ட், அதற்கு மேலே டைல்ஸ். திரும்பி வந்தவர் தரை அழகாக இருக்கிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமை எனக்கு.

அடுத்த பெருமழையில் தெருவின் அந்தப் பக்கம் இருந்த தூங்குமூஞ்சி மரம் பாதி சாய்ந்து, எதிர்வீட்டு மாடிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மறுநாள் மரம் வெட்டுபவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வெட்டும்போது மரம் வீட்டின் மேல் விழாமல் இருக்க, அதை எங்கள் பக்கமாக இரும்பு ரோப்பால் இழுத்துக் கட்ட வேண்டுமாம். மூத்தவர் நேராக எங்கள் கேட்டைத் திறந்து வந்து வேம்பைத் தட்டிப் பார்த்தார்.

"ஷோக்கா கீது சார். இத்துலயே கட்டிக்கலாம். வேரு கீரு எதுனா வெட்னீங்களா?"

"தொட்டதே இல்லீங்க" என்றார் கணவர், பெற்ற பிள்ளைக்கு நற்சான்று கொடுப்பதுபோல.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

வேம்பின் அடியில் கோணிப்பையைச் சுற்றி, அதன் மேல் ரோப்பைக் கட்டினார்கள். மற்றவர் ரம்ப மிஷினோடு தூங்குமூஞ்சியில் ஏறினார். முப்பது வயது இருக்கும். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன், மறுபடி ஜன்னல். ரோப்பு வேம்பைத் தெருப் பக்கம் இழுக்கிறது. அது சாயாமல் பின்னாலிருந்து பிடிக்க வேண்டியவை நான் வெட்டிய அந்த நான்கு வேர்கள்தான். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. வேம்பு பெயர்ந்தால் அந்த மரம் ஆளோடு சேர்ந்து விழும்.

முதல் கிளை விழுந்தது. ரோப்பு விறைத்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது வேம்புக்குப் பின்னால் டைல்ஸ் இடுக்கு நகம் நுழையும் அளவு விரிந்ததைப் பார்த்தேன். மூத்தவரிடம் போனேன். கணவரும் அங்கேயே இருந்தார்.

"அண்ணா, பின்பக்க வேர் நாலும் வெட்டியாச்சு. நான்தான் வெட்டச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டைல்ஸைப் பார்த்தார். பிறகு மேலே நிமிர்ந்து, சாதாரணக் குரலில் சொன்னார்: "மச்சான், மிஷின ஆஃப் பண்ணு. டீ வந்துகீது. மெதுவா எறங்கு."

இளையவர் இறங்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கால் தரையில் பட்டதும் அவர், "டீ எங்க?" என்று கேட்டார். மூத்தவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்தங்கச்சி புருசன்மா அவன்" என்றார் என்னிடம்.

கணவர் இன்றுவரை என்னைத் திட்டவில்லை. அந்தத் திட்டுக்குப் பயந்துதான், மூன்று கிளை விழும்வரை ஒரு மனிதரை நான் மேலேயே விட்டுவைத்திருந்தேன்.