மூன்று மணி ஆனால் பாய் இறங்கும்

எக்கார்ட் ஐம்பது வருஷம் பாய்மரப் படகுப் பந்தயத்தில் ஓடியவர். ஒரு தடவையாவது கோப்பையைக் கண்ணால் கண்டாரா? கிடையாது. படகு ஓட்டத் தெரியாத மனுஷனும் இல்லை. காற்றைப் பிடிப்பதில் ஜார்ஜியன் வளைகுடாவிலேயே அவரை அடிக்க ஆளில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன காபியால் வந்த வினை.

மகள் பிர்கிட்டுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் ஒற்றைப் பெட்டியோடு கப்பலேறிக் கனடா வந்தவர் அப்பா. எஞ்சின் பழுதுபார்த்தார், விமானம் ஓட்டக் கற்றார், தண்ணீரில் இறங்கும் சின்ன விமானத்தில் முப்பது வருஷம் தீவுகளுக்குத் தபாலும் டாக்டரும் கொண்டுபோனார். ஒரு நிமிஷம் பிந்தமாட்டார். பிள்ளைகள் சாப்பாட்டு மேசைக்கு லேட்டாக வந்தால், "விமானம் கிளம்பிடுச்சு" என்று சூப்புச் சட்டியை மூடிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் பந்தயத்தில் மட்டும், எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தாலும், மணி மூன்றானால் பாயை இறக்கிவிட்டுக் கேக் வெட்ட உட்கார்ந்துவிடுவார். படகில் இரண்டே பேர், அவரும் அம்மா அன்னலீஸும்.

"எக்கார்ட், சர்க்கரை போதுமாய்யா?" என்று கத்திக்கொண்டே போட்டிக்காரர் டங்கன் கடந்துபோவார். கோப்பை டங்கன் வீட்டுக்குப் போகும். கரையில் நிற்கும் பிர்கிட்டுக்கு அவமானம் பிடுங்கித் தின்னும்.

எண்பத்திரண்டு வயதில், போன பிப்ரவரியில், எக்கார்ட் தூக்கத்திலேயே போய்விட்டார். கோப்பையில் ஒரு தடவையாவது அப்பா பெயரைப் பொறித்தே தீருவது என்று பிர்கிட் ஒற்றைக் காலில் நின்றாள். ஆகஸ்ட் பந்தயத்துக்கு அம்மாவோடு கிளம்பினாள். காற்றுக்கு வழி கேட்க அப்பாவின் குறிப்பேட்டை அன்று காலை புரட்டினாள். விமானத்துக்கு எழுதுவதுபோலவே படகுக்கும் நாள் தவறாமல் எழுதிவைத்திருந்தார் மனுஷன். பதினோராவது பந்தயத்துப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம். டங்கன் நூறு கஜம் பின்னால். பிர்கிட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்போது பார்த்து அம்மா காலடியிலிருந்து ஒரு கூடையை எடுத்தாள்.

"அம்மா! காபி வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. நான் சரின்னேனா?"

"இன்னும் கால் மணி பொறுத்துக்கோ. ஜெயிச்சுட்டுக் குடம் குடமா குடிக்கலாம். அப்பாவோட கிறுக்குக்கு நீயும் தாளம் போடாதே."

அன்னலீஸ் மூடியைத் திறக்காமல் மகளைப் பார்த்தாள். "கிறுக்கு அவருக்கில்லடி. முதல் பந்தயத்துல படகு சாஞ்சப்போ நான் பயந்து ஓன்னு அழுதுட்டேன். சுத்தி அத்தனை பேரும் பாக்கறாங்க. உங்கப்பா கடிகாரத்தைப் பாத்து, 'அடடா, மணி மூணாச்சே, எங்க ஊர்ல இது காபி நேரம்'னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டுப் பாயை இறக்கிட்டார். என் நடுக்கம் நிக்கறதுக்காக. அப்புறம் வருஷா வருஷம் அதே கதைதான்."

"அம்பது வருஷமாவா பயந்துகிட்டிருந்தே?"

"போடி இவளே! பயமெல்லாம் பத்து வருஷத்துலயே போயிடுச்சு. சொன்னா நிறுத்திடுவாரேன்னு வாயைத் திறக்கல. விமானம், படகு, நீங்க நாலு பேர்னு ஓடின ஆள். வருஷத்துல எனக்கே எனக்குன்னு அவர் உக்காந்தது அந்த அரை மணிதான்."

பிர்கிட்டுக்குக் காலையில் விளங்காத அந்த வரி நினைவுக்கு வந்தது. இருக்கைக்கு அடியிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். பதினோராவது பந்தயத்துப் பக்கத்தை விரித்து அம்மாவிடம் நீட்டினாள்.

அன்னலீஸ் அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்தாள். "மூன்று மணி. இவளுக்கு இப்போது பயமில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது."

"களவாணி!" என்றாள். "முப்பத்தொன்பது வருஷம்! களவாணிப் பய!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி மூன்று. கோப்பைக்கு இன்னும் கால் மைல்தான். பிர்கிட் கயிற்றை அவிழ்த்தாள். பாய் சரசரவென்று இறங்கியது. அம்மா பிளம்ஸ் பழம் அடுக்கிச் சுட்ட கேக்கை மூன்று துண்டாக வெட்டி, ஒன்றைக் காலி இடத்தில் வைத்தாள்.

டங்கனின் படகு பக்கத்தில் வந்தது. கிழவர் காலி இடத்தில் இருந்த கேக் துண்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒருவழியாகக் கத்தினார். "பிர்கிட்! சர்க்கரை... போதுமா?"

"போதும்! காபி ஆறுது, நீங்க போங்க!" என்றாள் பிர்கிட், கண்ணைத் துடைத்துக்கொண்டே.