இருமல்: இல்லை

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் வர இரண்டு நிமிஷம் தாமதமானால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பால் பொங்குவதற்குள் ஸ்டவ்வை மூன்று தடவை ஏற்றி இறக்குவேன். இப்படிப்பட்டவளைத் தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக டெக்னீஷியனாக வேலைக்கு எடுத்தார்கள். அங்கே பாதி வேலை காத்திருப்பதுதான்.

பல வருஷமாக மூச்சு வாங்கிக்கொண்டு திரிகிறவர்களின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சி அது. நுரையீரலுக்குள் எலாஸ்டின் என்று ஒரு நார் இருக்கிறது. மூச்சை இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குவது அதனால்தான். பாவாடை எலாஸ்டிக் நைந்துபோவதைப் போல, நோயில் இந்த நார் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகும். அறுந்த துணுக்குகள் ரத்தத்தில் கலந்து ஓடும். ரத்தத்திலிருந்து சீரம் என்கிற தெளிநீரைப் பிரித்து, குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விட்டு, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் மஞ்சள் நிறம் வரும். எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு துணுக்குகள். ஆள் மூச்சுத் திணறிப் படுப்பதற்கு முன்பே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதுதான் மேடத்தின் கேள்வி. மேடம் என்றால் ஆராய்ச்சியை நடத்திய டாக்டர். என் வேலையை நீட்டிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. நோயில்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களும் வேண்டும். அவர்களை நாங்கள் கன்ட்ரோல் என்போம். நன்றாக இருக்கிற மனுஷன் எதற்கு ஊசிக்குக் கை நீட்டுவான்? மாசக் கடைசியில் மேடம் என்னைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் கேட்டார். "உங்கள் ஏரியாவில் நாற்பது வயதுக்கு மேல், புகை பிடிக்காத, இருமல் இல்லாத பெண்கள் இருக்க மாட்டார்களா?"

"எத்தனை பேர் வேணும் மேடம்?" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

எங்கள் வீடு ஸ்ரீராம்புரத்தில். சந்து முழுக்கப் பெண்கள் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவார்கள். கரித்தூளையும் பசை மாவையும் பிசைந்து, மூங்கில் குச்சியில் வைத்துப் பலகையில் உருட்டி, கையில் ஒட்டாமலிருக்க மேலே காய்ந்த தூளைத் தூவி எடுத்து வைப்பார்கள். அதில் கைவேகமானவள் என் அக்கா. என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். அம்மா போன பிறகு அவள்தான் என்னை வளர்த்தாள், கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடாமல். நான் அவளுக்குச் செய்த கைம்மாறு, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்ததுதான். புத்தகத்தைத் திறந்துவிட்டால் எனக்கு ஒரு சத்தமும் ஆகாது. வாசல் கதவு கிறீச்சிட்டாலே கத்துவேன்.

அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள் கிடைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். பீடி, சிகரெட் உண்டா என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். இருமல்?

"இல்லம்மா."

பொய் சொல்லவில்லை. காலையில் குழாயடியில் காறினால் கறுப்பாக வரும். அதை எங்கள் சந்தில் யாரும் இருமல் என்று சொன்னதில்லை. கரியில வேலை செஞ்சா கரி வரத்தானே செய்யும் என்பார்கள். அந்தச் சத்தத்தில்தான் நானும் தினம் கண் விழித்தேன். பரிசோதனைச் சாலையில் படித்த படிப்பெல்லாம் குழாயடி வரைக்கும் என்னோடு வரவில்லை.

நேரமாகிவிட்டது. அக்காவின் படிவத்தை மறுநாள் பஸ்ஸில் போகும்போது நானே நிரப்பினேன். கூடப் பிறந்தவளிடம் கேட்க என்ன இருக்கிறது? புகை: இல்லை. இருமல்: இல்லை. பஸ் குலுங்கியதில் கையெழுத்து மட்டும் கோணிப்போனது.

எட்டுப் பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஆஸ்பத்திரில நல்ல ரத்தம் எப்டி இருக்கும்னு பாக்க என் ரத்தத்தைத்தான் வச்சிருக்காங்களாம்" என்று சந்து பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தட்டில் நிறம் வந்த அன்று மேடம் கூப்பிட்டனுப்பினார். நோயாளிகளின் குழிகள் மஞ்சளாக இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எட்டு கன்ட்ரோல் குழிகளில் ஆறு அதே மஞ்சள். கடைசிக் குழி, அக்காவுடையது, எல்லாவற்றையும்விட அடர்த்தி.

"டியூபை மாற்றி வைத்துவிட்டாயா?" என்று கேட்டார் மேடம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அவசரக்காரிதான், ஆனால் டியூபில் ஒட்டும் லேபிளை இரண்டு தடவை படிக்காமல் வைத்ததில்லை. "மிச்ச சீரம் ஃப்ரீசர்ல இருக்கு மேடம். திரும்பவும் போடறேன். நீங்களே பக்கத்துல நில்லுங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று ஒரு வீம்பு.

மறுநாள் திரும்பப் போட்டேன். நிறம் வரும்வரை வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், கை கழுவினேன், கழுவிய கையையே திரும்பக் கழுவினேன். கடவுளே, நான் சொன்னது சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தவள், நடுவழியில் அப்படியே நின்றுவிட்டேன். நான் சரியென்றால் அந்த மஞ்சள் அக்காவுடையது. அதற்குப் பிறகு, நான் டியூபை மாற்றித்தான் வைத்திருக்க வேண்டும், எனக்கு வேலை போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடந்தேன்.

அதே ஆறு குழிகள். அதே மஞ்சள்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உன் கையில் தப்பில்லை" என்றார். பிறகு, "இவர்களுக்கெல்லாம் என்ன வேலை?" என்று கேட்டார். படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. ஊதுபத்தி, கரித்தூள், காற்றுப் புகாத ஒற்றை அறை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல, பிறந்ததிலிருந்து பார்த்ததை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது எனக்கு.

"இருமல் இல்லை என்றா சொன்னார்கள்?"

"ஏழு பேர் சொன்னாங்க. ஒருத்தரை நான் கேக்கவே இல்ல மேடம். அவங்க என் அக்கா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எட்டுப் புதுப் படிவங்களை எடுத்து, வேலை என்று பேனாவால் ஒரு வரி சேர்த்து என்னிடம் கொடுத்தார். எல்லாரையும் மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அழைத்து வரச் சொன்னார். நீட்டிப்புக் கடிதம் என்ன ஆகும் என்ற நினைப்பே அன்றைக்கு எனக்கு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "அக்கா, நீ நல்லா இருக்கறவங்க கணக்குல இல்ல. படிவத்துல இருமல் இல்லன்னு எழுதினது தப்பு. உன் நுரையீரல் உள்ள நைஞ்சிக்கிட்டு வருது. ரத்தத்துல தெரியுது."

கை நிற்கவில்லை. "அதான் மாடிப்படி ஏற முடியலயா" என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதைப் போல. அடுத்த குச்சியை எடுத்துக்கொண்டே, "அப்ப இருமல் இல்லன்னு எப்டி எழுதினாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான் எழுதினேன்."

"நீ என்னைக் கேக்கவே இல்லையேடி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து புதுப் படிவத்தை எடுத்தேன். முதல் தடவையாக அக்காவிடம் கேட்டேன்.

"இருமல் இருக்குதாக்கா?"

"இருக்குது."

"எப்பலேருந்து?"

உருட்டிய குச்சியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "நீ பத்தாவது படிக்கசொல்ல ஆரம்பிச்சுது. காலைல எழுந்து படிச்சிக்கிட்டு இருப்பியா, உனக்குத் தொந்தரவா இருக்கப் போவுதேன்னு வெளியே போய் இருமிட்டு இருமிட்டு வருவேன்."

அந்த வருஷம் முழுக்க, ஓயாமல் கதவைத் திறந்து மூடுகிறாள் என்று நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.